உம் கொட்ட வேண்டியவர்

இல்லை அக்கா, மேலே வைக்க முடியாது. மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இதோ, இந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறேன். சாய்க்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்று மட்டும் தெரியும்.

கண்டக்டர், "என்னம்மா இது, ஆர்மோனியப் பொட்டியா?" என்று கேட்டார் அல்லவா, நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். "அப்ப ஒரு பாட்டு பாடு டீச்சர், டிரைவர் தூங்காம ஓட்டுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது அக்கா. ஒரு தரம் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி.

ஆமாம், என் போன்தான் அடிக்கிறது. அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் திருவண்ணாமலை போகிறீர்கள். நான் தீவனூர் தாண்டி பெருங்காட்டூர் கூட்டுரோட்டில் இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் யாரோ, நான் யாரோ. யாரிடமாவது சொல்லாமல் அந்த ஊரில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

என் பெயர் ரேணுகா. இந்தப் பெட்டியை நான் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தள்ளி உட்காராதீர்கள் அக்கா. நான் திருடி இல்லை. திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் மூன்று வருஷம் பில் போட்டிருக்கிறேன். ஒரு கைக்குட்டையைக்கூடத் தொட்டது கிடையாது. அந்தக் கடையில்தான் இவரைப் பார்த்தேன். கோவர்தன் என்று பெயர். அலமாரி வேலைக்கு வந்த ராஜஸ்தான் தச்சர்கள் நாலு பேரில் ஒருவர். சொந்த ஊர் சித்தோர்கட் பக்கம். அவருடைய அப்பா காலத்திலேயே சௌகார்பேட்டைக்கு வந்துவிட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார். கடைக்கு அலமாரி முடிந்த மாதம் எங்கள் கல்யாணமும் முடிந்துவிட்டது. ரெஜிஸ்டர் ஆபீசில்தான். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? தலை முழுகினார். அதோடு விட்டாரா? பெருங்காட்டூரில் மின்கம்பம் மின்கம்பமாகப் போஸ்டர் ஒட்டினார். கண்ணீர் அஞ்சலி. ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த என் போட்டோ. இரட்டைப் பின்னல், ரிப்பன். தோற்றம் என்று என் பிறந்த நாள். மறைவு என்று என் கல்யாண நாள். கீழே, 'இவண், தந்தை கன்னியப்பன், எடையாளர்.' கடையில் என்னோடு இருந்த பெண் ஒருத்தி போனில் படம் எடுத்து அனுப்பினாள். இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு காட்டுகிறேன்.

எடையாளர் என்றால், கமிட்டியில் எடை போடுகிறவர். செஞ்சிக் கமிட்டிக்கு நெல்லும் வேர்க்கடலையும் வருமே, அங்கே. அப்பாவுக்குத் தராசு சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கையால் தூக்கினாலே கிலோ சொல்லிவிடுவார். கால் கிலோ முன்னே பின்னே இருக்காது. சின்ன வயதில் வாரா வாரம் என்னைத் தூக்கிப் பார்ப்பார். "பதினேழரை. போன வாரத்துக்கு அரைக் கிலோ கம்மி. ஏன்டி சரியா சாப்பிடல?" என்பார். மற்ற அப்பாக்கள் கொஞ்சுவார்கள். இவர் எடை சொல்வார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். துணியைக் கொஞ்சம் விலக்குகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். தொட வேண்டாம். சிவப்பு, மஞ்சள், எல்லாம் மரத்தின் மேல் எழுதினது. இது கதவு. இதைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. அதைத் திறந்தால் இரண்டு பக்கமும் இரண்டு. ஒரு பெரிய வீட்டுக்குள் போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கடைசிக் கதவுக்குப் பின்னால் ராமர், சீதை, லட்சுமணர். அடியில் ஒரு சின்ன இழுப்பறை, பசுவுக்குத் தீவனம் வாங்கக் காணிக்கை போட. காவட் என்பார்கள். நாம் கோயிலுக்குப் போகிறோம் அல்லவா, இது நம் வீட்டுக்கு வருகிற கோயில்.

இதைக் கொண்டுவருகிறவர் பாட்ஜி. எழுபது வயது இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ரயிலேறிச் சென்னைக்கு வந்து, வழிவழியாகத் தான் கதை சொல்கிற குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் தங்கிப் பெட்டியைத் திறப்பார். மயிலிறகால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கதை சொல்வார். ராமர் கதையும் உண்டு, அந்த வீட்டுக் கதையும் உண்டு. இவன் இன்னார் மகன், இவன் இந்தக் கிணறு வெட்டினவன், இவள் இந்த ஊரிலிருந்து வந்தவள் என்று. எதிரே ஒருவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டாவிட்டால் அந்தப் படத்திலேயே நின்றுவிடுவார்.

எல்லாப் பெட்டியிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. பாட்ஜி கொண்டுவருகிற பெட்டியில், எங்கள் வீட்டுக்கென்று உள்ள கதவில், ஒரு வழக்கம். உள்ளே எழுதியிருப்பவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருப்பவர்கள் வெளியே உட்கார்ந்து கேட்கிறவர்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் பாட்ஜி முதல் தடவை வந்தார். வீட்டுக்கு வந்த மருமகளின் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்வார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியார், அவரை நான் மாஜி என்றுதான் கூப்பிடுவேன், என் பக்கத்தில். எனக்கு அப்போது அவர்கள் பேச்சு ஒரு வார்த்தை புரியாது. இவர்தான் மொழிபெயர்த்தார்.

"உங்க அப்பா பேர் கேக்கறார்."

"கன்னியப்பன்."

"இருக்காரான்னு கேக்கறார்."

அந்தப் போஸ்டர் என் போனில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை அக்கா.

"செத்துட்டார்னு சொல்லு" என்றேன்.

இவர் என்னையே பார்த்தார். "ரேணு, வேணாம்" என்றார். "சொல்றியா, நானே சொல்லட்டுமா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மாஜி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

பாட்ஜி விடவில்லை. எப்படி இருப்பார், என்ன வேலை, என்ன உடை என்று கேட்டார். படம் எழுதுகிறவர்கள் அவர்கள் ஊரில் இருக்கிறார்கள், போய்ச் சொல்லி எழுதி வாங்கிவர வேண்டுமே. நானும் சொன்னேன். வெள்ளைச் சட்டை. மேல் பொத்தான் போட மாட்டார். வலது காதில் பென்சில். தலையில் துண்டு, சாக்குத் தூசிக்காக. சிரித்தால் இடது பக்கப் பல் ஒன்று தெரியும். கோபத்தில் சொன்னேன் அக்கா, வேறு எதற்கும் இல்லை. அரை மணி நேரம் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்த்தே இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த தடவை பாட்ஜி வந்தார். எங்கள் கதவைத் திறந்தார். உள்ளே அப்பா.

துண்டைத் தலைப்பாகை ஆக்கிவிட்டார்கள், சிவப்பாக. மீசையை முறுக்கிவிட்டார்கள். ஆனால் காதில் பென்சில். கையில் தராசு. பாட்ஜி மயிலிறகால் அவர் நெஞ்சைத் தொட்டு, "பெருங்காட்டூர், ஏழுமலை மகன் கன்னியப்பன்" என்று அவர்கள் ராகத்தில் நீட்டிச் சொன்னார். கூடமே உம் என்றது. நான் மட்டும் கொட்டவில்லை.

அதற்குப் பதினெட்டாம் நாள் அப்பா லாரிப் பலகையிலிருந்து விழுந்து கால் முறிந்தது.

என் சித்தி ஒருத்திதான் எப்போதாவது என்னோடு பேசுவாள். அவள் சொன்னாள். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை பாட்ஜி வந்தார், கதவு திறந்தது, பெயர் வந்தது. என் மகள் பாயலுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு உம் கொட்டுவது என்றால் விளையாட்டு. தாத்தா பெயருக்கு எல்லோரையும்விடப் பெரிய உம் போட்டாள். அந்த வருஷம் அப்பாவுக்கு இடது கண் போயிற்று. சர்க்கரை என்றார்களாம்.

இப்போது நாலாவது தடவை. பாட்ஜி வந்து ஆறு நாள் ஆகிறது. பெட்டி நாளைக்குக் காலையில்தான் எங்கள் வீட்டில் திறக்க வேண்டும், ஏகாதசி. இன்னும் திறக்கவே இல்லை அக்கா. சௌகார்பேட்டைக்குள் வந்ததற்கே அப்பாவுக்கு மூச்சுத்திணறல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நாற்பது வருஷச் சாக்குத் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு இந்தப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?

சித்தியிடம், "என்னைக் கேட்டாரா?" என்றேன். "இல்லடி, கேக்கல" என்றாள்.

முதலில் கால். பிறகு கண். இப்போது மூச்சு. நாளைக்கு அந்தக் கதவைத் திறந்து மயிலிறகால் நெஞ்சைத் தொட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்ன அக்கா? நானா? என்னையும்தான் செத்ததாகப் போஸ்டர் போட்டார், எனக்கு என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. அதற்கப்புறம் ஒரு தலைவலி கிடையாது. பாயல் பிறந்தாள். எட்டு கிலோ ஏறியிருக்கிறேன், பழைய ரவிக்கை ஒன்றும் சேரவில்லை. அது வேறு அக்கா. அது காகிதம், பசை. மழை வந்தால் போய்விடும். இது கோயில். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பாருங்கள், தீவனூர். அதோ கோபுரம். ஒரு நிமிஷம், கும்பிட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பிள்ளையாரைப் பற்றித் தெரியுமா? மிளகு மூட்டை வைத்திருந்த வியாபாரி, கேட்டவர்களிடம் உளுந்து என்று பொய் சொன்னானாம். பிரித்துப் பார்த்தால் மிளகெல்லாம் உளுந்தாகவே ஆகியிருந்ததாம். அப்பாதான் சொல்வார், செஞ்சிக்கு அழைத்துப் போகும்போது. "மூட்டைகிட்ட பொய் சொல்லாதடி, அதுக்குக் காது உண்டு" என்பார். அந்த மனிதரையே வைத்து நான் பொய் சொல்லியிருக்கிறேன். மிளகு உளுந்தாகலாம் என்றால், சொன்ன சொல்லுக்கு ஒரு மனிதன் என்ன ஆக மாட்டான்?

மூன்று நாளைக்கு முன்னால் பாட்ஜியிடம் கேட்டேன். எனக்கு நடந்தது என்று சொல்வேனா? நான் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், அவரும் உட்கார்ந்து உரித்தார். இப்போது அவர்கள் பேச்சு எனக்கு நன்றாக வரும்.

"பாட்ஜி, என் தோழி ஒருத்தி. அவளும் இந்த மாதிரி பெட்டி வர்ற வீட்லதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. தெரியாத்தனமா உயிரோட இருக்கற அப்பா பேரை உள்ளே கொடுத்துட்டா. அழிச்சுட முடியுமா?"

அவர் பட்டாணியைப் பார்த்துக்கொண்டே, "சுரண்டிட்டா அவன் எங்கே போவான்? உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை" என்றார்.

"அப்ப வழியே இல்லையா?"

"இருக்கே. பெட்டி முன்னால அவனையே உட்கார வைக்கணும். அவன் பேர் வரும்போது அவனே உம் கொட்டணும். செத்தவன் உம் கொட்டமாட்டான். உம்னு சொல்லிட்டா அவன் வெளியே இருக்கிறவன். அவ்வளவுதான்."

"பேரை நீங்கதான் சொல்லணுமா?"

"யார் சொன்னா என்ன? கேக்கிறவன்தான் முக்கியம்." அப்புறம் கேட்டார், "உன் தோழியோட அப்பா எந்த ஊர்?"

"செஞ்சிப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாய் உளறிவிட்டது. நல்லவேளை, அவருக்குச் சந்தேகம் வரவில்லை. செஞ்சி எவ்வளவு தூரம், பஸ் எங்கே ஏற வேண்டும், காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். வயதானவர், பொழுது போக வேண்டுமே.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அப்பா சௌகார்பேட்டைக்கு வர மாட்டார். அப்படியானால் பெட்டிதான் அவரிடம் போக வேண்டும். கேட்டால் கொடுப்பார்களா? கேட்க வேண்டுமென்றால் மாஜியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக, ஒவ்வொரு பித்ரு பட்சத்துக்கும் என் அப்பாவுக்கென்று தனியாக ஒரு இலை போடுகிறவர் அவர். போன வருஷம் மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "மறந்துபோச்சு" என்றார். வயதாகிறது.

இதை எடுப்பது லேசு இல்லை அக்கா. பாட்ஜி இதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறவர். குளிக்கப் போனால்கூட மாஜியைக் காவல் வைத்துவிட்டுப் போவார். ஆனால் இன்றைக்குக் காலையில் என் நேரம் எப்படி அமைந்தது என்று கேளுங்கள். பாட்ஜி பெட்டியைத் துணியில் சுற்றி, வாரை மாட்டி, வாசல் பக்கம் வைத்துவிட்டு, பாயலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார். இத்தனை தடவை வந்திருக்கிறார், ஒரு நாளும் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. மாஜி, முழங்கால் வலியால் படி இறங்காதவர், கோயிலுக்குப் போய் மத்தியானம்தான் வருவேன் என்று போய்விட்டார். போகும்போது நாலு ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும் துணியில் கட்டி இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். "யாருக்காவது வழியில பசிக்கும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

இவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். நேற்று சாயங்காலம் இந்த வாரை மாற்றினார். பாருங்கள், புதுசு. தோளில் அழுந்தாமல் இருக்க உள்ளே துண்டை மடித்து வைத்துத் தைத்திருக்கிறார். எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விட்டார். "பஸ் குலுங்கினா பழைய வார் அறுந்துடும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பாட்ஜி ரயிலில் அல்லவா போவார்? வேலைக் களைப்பு, என்ன பேசுகிறோம் என்றே தெரியாது அவருக்கு.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஏமாந்தார்கள் அக்கா. எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது. அகப்பட்டுக்கொள்வதற்கென்றே எல்லாம் இவ்வளவு சுலபமாக நடக்கிறதோ என்று.

மறுபடியும் அடிக்கிறது. இவர்தான், வண்டி ஏறினதிலிருந்து ஓயவில்லை. அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், நீங்கள் எடுத்துப் பேசுகிறீர்களா? பக்கத்து சீட் என்று சொல்லுங்கள். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

வைத்துவிட்டாரா? என்ன சொன்னார்? போலீசா?

பெட்டியை நிமிர்த்தி வைக்கச் சொன்னாரா? சாய்த்து வைத்தால் உள் கதவு ஒன்று பிடித்துக்கொள்ளுமா? அவ்வளவுதானா? ரொட்டியைச் சாப்பிடச் சொன்னாரா. பார்த்தீர்களா, பெட்டி போய்விட்டதே என்று ஒரு வார்த்தை திட்டவில்லை. எவ்வளவு கோபம் இருந்தால் ஒரு மனிதருக்குத் திட்டக்கூட வாய் வராது!

ரொட்டி என்னிடம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்?

வேறு என்ன சொன்னார்? 'மாறன்கிட்ட சொல்லியாச்சு' என்றாரா? எந்த மாறன்? என் தம்பி பெயர்தான் மணிமாறன். இவருக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாதே. பிளைவுட் கடைக்காரர் ஒரு மாறன் இருக்கிறார், அவராக இருக்கும். அவரிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறார்?

தம்பியும் அப்படித்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு போன் இல்லை. ஊரிலிருந்து எனக்கென்று வருவது எதுவும் கிடையாது. தை மாதம் ஒரு மூட்டை வேர்க்கடலை வரும், அது இவருடைய கஸ்டமர் யாரோ அனுப்புவது. சாக்கில் செஞ்சிக் கமிட்டி முத்திரை இருக்கும். செஞ்சிக் கடலைதான் மெட்ராஸ் முழுக்கப் போகிறதே. நானே நிறுத்துப் பார்த்தேன், எப்போதும் சரியாகப் பதினேழரை கிலோ.

வல்லம் பிரிவு போய்விட்டது. இன்னும் இரண்டே ஸ்டாப்.

அக்கா, நான் போய் என்ன சொல்வேன்? யோசித்தேனா, பெட்டியை எடுப்பது வரைதான் யோசித்தேன். கதவைத் தட்டுவேன். அவர் வந்து பார்ப்பார். தலை முழுகினவளைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார். சாத்தின கதவுக்கு வெளியே நின்று இந்தப் பெட்டிக் கதவைத் திறந்து பெயரைச் சொன்னால், உள்ளே இருப்பவர் உம் கொட்டுவாரா? என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவர், உம் மட்டும் சொல்வாரா? சொல்லாவிட்டால்? பெயர் வந்து, உம் வராமல் போனால், செத்தவன் என்று ஆகிவிடும் அக்கா. நானே போய் முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். இறங்காமல் உங்களோடு திருவண்ணாமலைக்கே வந்துவிடட்டுமா? கண்டக்டரிடம் சொல்லுங்களேன், டிக்கெட்டை நீட்டித் தரச் சொல்லுங்களேன்.

"பெருங்காட்டூர் கூட்ரோடு! பாட்டு டீச்சர், எறங்கும்மா!"

அக்கா.

அதோ நிழற்குடையில் டிவிஎஸ் வண்டி நிற்கிறது. பக்கத்தில் நிற்பது மாறன். தொப்பை போட்டிருக்கிறது அவனுக்கு. சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருப்பவர்...

தலையில் துண்டு. தலைப்பாகை இல்லை அக்கா, துண்டுதான். சிவப்பு இல்லை. வெள்ளை. மேல் பொத்தான் போடவில்லை. எழுந்திருக்கிறார். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறார். ஒற்றைக் கண், அதனால் கழுத்தையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எவ்வளவு இளைத்துவிட்டார்! இங்கிருந்தே மூச்சு தெரிகிறது, தோள் ஏறி ஏறி இறங்குகிறது. இந்த வாரை நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள். படி வரைக்கும் வாருங்கள். நிமிர்த்தி, நிமிர்த்திப் பிடியுங்கள். கதவு அவர் பக்கமாக இருக்கட்டும். அதுதான் கதவு, அந்தச் சிவப்பு.

"அதக் குடு இப்படி."

"வேணாம்பா. நீங்க தூக்காதீங்க. மாறா, நீ வாங்குடா."

"குடுன்றேன்."

வாங்கிவிட்டார் அக்கா. இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஐயோ, ஏதாவது ஆகிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே. இல்லை. உதடு அசைகிறது.

"பதினொன்னே முக்கால்."

அதுதான் அக்கா. எடைதான் சொல்கிறார். இப்போது என்னைப் பார்க்கிறார். அடியிலிருந்து தலைவரை பார்க்கிறார். காதில் பென்சில் அப்படியே இருக்கிறது.

"எட்டு கிலோ ஏறியிருக்க."

"உம்."

"நேரத்துக்கு சாப்பிடறியா?"

"உம்."

"புள்ளைய ஏன் இட்டுக்கினு வரல? ஸ்கூலா?"

"உம்."

அக்கா! ஐயோ அக்கா, உம் கொட்டினது நான்! மூன்று தடவை கொட்டிவிட்டேன். அவர்தானே கொட்ட வேண்டும்? அவர் இன்னும் ஒன்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்பாட்டுக்கு முன்னால் போகிறார். நான் கொட்டினால் கணக்கில் வருமா? கண்டக்டர் சார், விசில் கொடுக்காதீர்கள், ஒரு நிமிஷம். அக்கா, ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டுப் போங்கள், நான் உம் கொட்டினால் அதற்கு என்ன அர்த்தம்?